வெட்டுத்துணியும் வீட்டுச் செல்வமும்

(அண்ணாமலைநகரிற் கூடிய நம் சங்க மகளிர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று எமக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் விஷயம் பார்வைக்கு மிகச் சிறியது. வீட்டிலே தையல் வேலை முடிந்தபின் இயந்திரத்தின் அடியிற் சிதறிக் கிடக்கும் துண்டுத்துணிகளை என்ன செய்வது என்பதே அது. கல்வியைப் பற்றியும், உத்தியோகத்தைப் பற்றியும், விவாகச் செலவுகளைப் பற்றியும் இச்சபையில் பலர் பேசியிருக்க, துடைப்பத்திற்கு இரையாகும் பொருளைப் பற்றிப் பேச ஒருவர் வேண்டுமா என்று சிலர் எண்ணக்கூடும். ஆயினும் ஒரு குடும்பத்தின் அறிவையும் அன்பையும் அளந்தறிய அதன் பெரிய செலவுகளைக் காட்டிலும் அதன் சிறிய மிச்சங்களே ஏற்ற அளவுகோல் என்பது எமது துணிபு.

முதலில் துணியின் அருமையைச் சிறிது ஆராய்வோம். நம் மாவட்டம் நெசவுக்குப் புதியதன்று. பதினேழாம் நூற்றாண்டிலேயே பரங்கிப்பேட்டைத் துறையிலிருந்து கடல் கடந்து சென்ற சரக்குகளில் துணியே தலைமை பெற்றிருந்தது. குறிஞ்சிப்பாடியின் கைத்தறிக் கைலிகள் அயல்நாடுகள் வரை பெயர் பெற்றவை. தறிக்குழியில் கால் வைத்து, பாவில் ஊடையைச் செலுத்தி, அங்குலம் அங்குலமாக நெய்பவருடைய முதுகுவலி நாம் எறியும் ஒவ்வொரு துண்டிலும் உள்ளது. துணிக்கு முன் பஞ்சு. பஞ்சுக்கு முன் நீர். ஒரு பருத்திச் சட்டைக்கு வேண்டிய பஞ்சை விளைத்து, நூற்று, நெய்து, சாயமிட்டு முடிக்கச் சற்றேறக்குறைய 2,700 லிட்டர் நீர் செலவாகிறதெனக் கணக்கிட்டிருக்கின்றனர். கீழணையையும் வீராணத்தையும் நம்பி வாழும் கடைமடைக்காரராகிய நமக்கு நீரின் விலையை யாரும் கற்பிக்க வேண்டுவதில்லை.

ஆடைத் தொழிற்சாலைகளிலே வெட்டும்போது கழிவாகும் துணி நூற்றுக்குப் பதினைந்து பங்கு வரை இருக்குமென மதிப்பிடுவர். வீட்டுத் தையலிலும் இதற்கு விலக்கில்லை. ஓர் இரவிக்கைக்குக் கழுத்தும் கைக்குழியும் வளைத்து வெட்டினால் வளைவுக்கு வெளியே நிற்பது மிச்சமே. அன்றியும் நம் வீடுகளில் வேறொரு வகை மிச்சமும் உண்டு. நவராத்திரிக்கும் வளைகாப்புக்கும் வெற்றிலை பாக்குடன் மடித்துக் கொடுக்கப்படும் இரவிக்கைத் துண்டுகள் எத்தனை! அவற்றுட் பல அளவு போதாமலும், நெசவு தாளாமலும், தைக்கத் தகுதியின்றி ஒரு வீட்டிலிருந்து மறு வீட்டிற்கு ஆண்டாண்டாக யாத்திரை செய்து வருவதைத் தாய்மார்கள் நன்கறிவார்கள்.

துண்டுத்துணியை இழிவாகக் கருதாதவர் முன்னோருள்ளும் உண்டு.  பௌத்த பிக்ஷுக்கள் பிறர் எறிந்த துணிகளைப் பொறுக்கி, துவைத்து, இணைத்து உடுத்தினர். அச்சீவரம் எவ்வாறு இணைக்கப்பட வேண்டுமென்பதற்கு, வரப்புகளாற் பகுக்கப்பட்ட மகதநாட்டு வயல்களைப் புத்தர் சுட்டிக்காட்ட, ஆனந்தர் அவ்வண்ணமே அமைத்தார் என்று விநய நூல் கூறும். வயல்வெளியைத் தினமும் காணும் நமக்கு இதைவிட நல்ல மாதிரி வேறு வேண்டுமோ?

நம் கண்ணெதிரேயே மற்றொரு சான்று ஆண்டுக்கு இருமுறை வீதியுலா வருகிறது. ஆனித் திருமஞ்சனத்திற்கும் மார்கழித் திருவாதிரைக்கும் தில்லையின் நான்கு வீதிகளிலும் தேர் வருங்கால் அதன் அலங்காரத்தை ஊன்றிப் பாருங்கள். தேர்களுக்கென்று தைக்கப்படும் சீலைகளும், உருளை வடிவாய்த் தொங்கும் தொம்பைகளும், தோரணங்களும் வண்ணத்துணிகளைச் சிறு சிறு வடிவங்களாக வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் தைக்கப்படுபவை. தஞ்சைப் பக்கத்துத் தையற்காரர் இக்கலையிற் பரம்பரையாய்த் தேர்ந்தவர். யாளியும், அன்னமும், தாமரையும் துண்டுத்துணியிலே உயிர்பெறுகின்றன. ஆண்டவன் தேருக்கு அலங்காரமாவது நம் வீட்டுக்கு அவமானமாகுமா?

பிற நாட்டாரும் இதனை உணர்ந்திருக்கின்றனர். வங்காளத்துப் பெண்கள் பழஞ்சேலைகளை அடுக்கி, சேலைக் கரையிலிருந்தே உருவிய நூலால் தைத்த காந்தா என்னும் போர்வை உலகப் புகழ் பெற்றது. அமெரிக்காவில் அலபாமா மாகாணத்தில் ஜீஸ் பெண்ட் என்னும் சிற்றூர் உண்டு. அடிமைகளாயிருந்த நீக்ரோ மக்களின் வழிவந்த பெண்கள் அங்கே வயல்வேலையிற் கிழிந்த உடைகளின் துண்டுகளைக் கொண்டு குளிருக்குப் போர்வை தைத்து வந்தனர். 1966-ஆம் ஆண்டில் அப்பகுதிப் பெண்கள் கூட்டுறவு முறையில் ஒரு தையற் சங்கம் கண்டனர். 2002-ஆம் ஆண்டில் அவர்களுடைய போர்வைகள் ஹூஸ்டன் நகரத்துக் கலைக்கூடத்தில் சித்திரங்களைப்போற் காட்சிக்கு வைக்கப்பட்டன. 2006-ஆம் ஆண்டில் அந்நாட்டுத் தபால் முத்திரையிலும் அவை இடம் பெற்றன. இரண்டாம் உலகப் போரின்போது இங்கிலாந்தில் 1941-ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் துணிக்குப் பங்கீடு வந்தது. இருப்பதைச் செப்பனிட்டு உடுத்துமாறு அரசாங்கமே 1943-இல் கைந்நூல் வெளியிட்டது. அவ்வாண்டிலேயே நம் நாட்டிலும் துணிக் கட்டுப்பாட்டு உத்தரவு பிறந்தது. அக்காலத்திற் குடும்பம் நடத்திய மூதாட்டியர் ஒரு சாண் துணியையும் வீசாத காரணம் இப்போது விளங்கும்.

இனி, எம் உள்ளத்தைப் பெரிதும் தொட்ட செய்திக்கு வருகிறோம். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 26-ஆம் நாள் நம் கடற்கரையைச் சுனாமி தாக்கியதையும், கடலூர் மாவட்டத்தில் மாத்திரம் அறுநூறுக்கு மேற்பட்டோர் உயிரிழந்ததையும் நாம் மறக்கவில்லை. தேவனாம்பட்டினமும், கிள்ளையும், பரங்கிப்பேட்டையும் அன்று பட்ட பாடு சொல்லுந்தரமன்று. அவ்வமயம் துணியின் சம்பந்தமாக இருவேறு நிகழ்ச்சிகள் உண்டாயின.

முதலாவது, நாட்டின் பல பாகங்களிலிருந்தும் லாரி லாரியாகப் பழந்துணி வந்து குவிந்தது. அனுப்பியவர் நெஞ்சில் இரக்கம் இருந்ததில் ஐயமில்லை. ஆயினும் கிழிந்தவையும், அழுக்கேறியவையும், மீனவ மக்கள் உடுத்தும் வழக்கமில்லாதவையும் அக்குவியலில் ஏராளமாயிருந்தன. வலையும் படகும் இழந்தவராயினும் உழைத்துண்டு மானத்துடன் வாழ்ந்த அம்மக்கள் அவற்றைத் தீண்ட மறுத்தனர். துணி சாலையோரங்களில் மழையிலும் மண்ணிலும் கிடந்து மக்கிற்று. தில்லியில் 1999-இல் அன்ஷு குப்தா என்பவர் தொடங்கிய கூஞ்ச் என்னும் ஸ்தாபனத்தார் பின்னர் அத்துணிகளிற் பெருந்தொகையை ஏற்று, தரம் பிரித்துப் பயன்படுத்த வேண்டியதாயிற்று.

இரண்டாவது, புதுவைக்கருகில் ஆரோவில்லிலுள்ள உபாசனா என்னும் ஆடை வடிவமைப்பு நிலையத்தை நடத்திவந்த உமா பிரஜாபதி அம்மையார், தம் நிலையத்தில் வெட்டி மிஞ்சிய துண்டுத்துணிகளைக் கரையோரத்துப் பெண்கள் கையிற் கொடுத்தார். உற்றாரையும் உடைமையையும் பறிகொடுத்து, கடலை நோக்கவும் அஞ்சியிருந்த அப்பெண்கள் ஒன்றாக அமர்ந்து விரலளவான சிறு பொம்மைகள் செய்யக் கற்றனர். 2005-இல் தோன்றிய அப்பொம்மைக்குச் சுனாமிகா என்று பெயரிட்டனர். அதனை விலைக்கு விற்பதில்லை என்பது அவர்களுடைய நியமம், அன்பளிப்பாகவே கொடுப்பர், பெறுவோர் மனமுவந்து அளிக்கும் நன்கொடையிலிருந்து செய்த பெண்களுக்கு ஊதியம் சென்றது. நூற்றுக்கணக்கான பெண்கள் பயிற்சி பெற்றனர். பல லட்சம் பொம்மைகள் உலகத்தின் பல நாடுகளுக்கும் சென்றன.

அன்பர்களே! இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். முழு உடைகள் குப்பையாயின, துண்டுத்துணிகள் மருந்தாயின. வேற்றுமை துணியிலா இருந்தது? கொடுத்த முறையிலன்றோ இருந்தது! முன்னதில் பெறுவோரை யாசகராக்கினர். பின்னதில் அவர்களைத் தொழிலாளராக்கினர். நமக்கு வேண்டாததைப் பிறருக்குத் தள்ளுவது தருமமாகாது. பிறர் கைக்கு வேலையும், வேலைக்குக் கூலியும் உண்டாகச் செய்வதே தருமம். இன்று யாம் கூற வந்தவற்றின் சாரம் இதுவே; எஞ்சியவை இதன் விரிவேயாம்.

இனி வீட்டில் செய்யத்தக்க முறைகளைக் கூறுவோம். முதலாவது தரம் பிரித்தல். பருத்தியையும் செயற்கை இழைத் துணியையும் ஒருங்கே சேர்த்துத் தைத்தல் கூடாது. ஒன்று நீர் பட்டாற் சுருங்கும், மற்றது சுருங்காது. சலவைப் பெட்டியின் சூட்டை ஒன்று தாங்கும், மற்றது உருகும். ஐயமிருப்பின் ஓர் இழையை உருவி, இடுக்கியிற் பிடித்து, நீருள்ள தட்டின்மேல் வைத்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தியானால் எரிந்த காகித நாற்றத்துடன் மெல்லிய சாம்பலாகும். செயற்கை இழையானால் உருகிக் கெட்டியான மணியாகும். அடுத்தபடியாக, ஈரமான வெள்ளைத்துணியால் தேய்த்துச் சாயம் விடுகிறதா என்று கண்டு, துவைத்து, உலர்த்தி, அளவுவாரியாக மூன்று பெட்டிகளில் இடுதல் நலம்.

பெரிய துண்டுகளை இரவிக்கையின் உட்பட்டிக்கும், கொக்கிப் பட்டிக்கும், பிள்ளைகளின் சட்டைப் பைக்கும் வைத்துக் கொள்ளலாம். கழுத்துக்கு வேண்டிய கிராஸ் பட்டிக்குப் புதுத்துணியை வெட்டுவது வீண். மிச்சத்துண்டைக் கோணல்வாட்டில் மடித்து, ஒன்றேகால் அங்குல அகலப் பட்டிகளாக வெட்டி, ஒன்றோடொன்று இணைத்து, ஓர் அட்டையிற் சுற்றி வைத்தால் ஆண்டு முழுவதும் உதவும். கோணல்வாட்டில் வெட்டிய பட்டியே வளைவுக்கு இசைந்து கொடுக்கும் என்பதைத் தையல் பயிலும் பெண்கள் மனத்திற் கொள்க.

நடுத்தரத் துண்டுகளை நாலரை அங்குலச் சதுரங்களாக வெட்டுங்கள். நாற்புறமும் கால் அங்குலம் தையலுக்குப் போக நான்கு அங்குலம் நிற்கும். ஒரு வரிசைக்கு ஒன்பதாகப் பன்னிரண்டு வரிசை இணைத்தால், மூன்றடி அகலமும் நான்கடி நீளமும் உள்ள சிறு போர்வையாகும். சதுரங்களின் தொகை 108. தில்லைக் கோபுரங்களிற் செதுக்கப்பட்டுள்ள கரணங்களின் தொகையும் அதுவே. ஓர் இரவிக்கையின் மிச்சத்தில் இரண்டு சதுரங்கள் கிடைப்பதாகக் கொண்டால், வாரத்திற்கொன்று தைப்பவருக்கு ஓராண்டுக்குச் சற்று மேற்பட்ட காலத்திலே ஒரு போர்வை முற்றுப்பெறும். உள்ளே பழைய வேட்டியை இரண்டு மடிப்பாக வைத்து, ஓட்டுத் தையலால் நெருங்கத் தைத்துவிட்டால் மார்கழிப் பனிக்குத் தக்க காப்பாகும். பச்சிளங் குழந்தைக்கு மாத்திரம் நன்கு துவைத்து மென்மையான பருத்தித் துணியே ஆகும். பிறந்த குழந்தைக்குப் பழந்துணியையே முதலில் அணிவிக்கும் நம் பாட்டிமாரின் வழக்கத்திற்கு இம்மென்மையும் ஒரு காரணமாகலாம்.

அடுப்பங்கரைக் கரித்துணிக்கு ஏழங்குலச் சதுரமாகப் பருத்தித் துணியை நான்கு மடிப்பாக அடுக்கி, நடுவே பழைய துவாலைத் துண்டை வைத்துத் தைக்க வேண்டும். இதிற் செயற்கை இழை ஒரு மடிப்பேனும் சேரலாகாது. சூட்டில் உருகிக் கையில் ஒட்டிக்கொள்ளும். சிக்கனத்தை நாடித் தீப்புண்ணைத் தேடிக் கொள்வது மதியீனமன்றோ? செயற்கைத் துணிப் பட்டிகளை முறுக்கிப் பின்னிக் கால்மிதி செய்யலாம். ஒன்றுக்கும் உதவாத நறுக்குகளையும் நூற்கழிவையும் ஊசி குத்தும் திண்டுக்கும், பொம்மைக்கும், சிறு தலையணைக்கும் உள்ளே அடைக்கலாம்.

பைகளைப் பற்றிச் சொல்லாமல் விடலாகாது. 2019-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலிருந்து ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களில் பதினான்கு வகைகளைத் தமிழ்நாட்டரசு தடை செய்தது. 2021-ஆம் ஆண்டு டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை என்னும் இயக்கமும் தொடங்கிற்று. நம் கலியாணங்களில் தாம்பூலத்திற்குப் பையை விலைக்கு வாங்குகிறோம். மணப்பெண் வீட்டாரும் உறவினரும் ஓராண்டு முன்னரே துண்டுத்துணிகளைச் சேர்த்துத் தைத்தளிப்பின், செலவும் குறையும். ஒவ்வொரு பையும் ஒரு வீட்டின் நினைவாகவும் நிற்கும்.

செய்யத் தகாதவை சிலவும் உள. போகியன்று துணியைக் கொளுத்துவதை விடல் வேண்டும். செயற்கைத் துணியின் புகை குழந்தைகளின் மார்புக்கும் முதியோரின் மூச்சுக்கும் பகை. வாய்க்காலில் எறிவதும் வேண்டாம். கான்சாகிப் வாய்க்காலில் நாம் விடுவது கடைசியிற் பிச்சாவரத்துக் கழியையே சேரும். துணி மிஞ்சிற்றென்பதற்காக யாருக்கும் வேண்டாத அலங்காரங்களைத் தைத்து வீட்டை நிரப்புவதும் சிக்கனமாகாது. அது துணியோடு நூலையும் நேரத்தையும் சேர்த்து வீணாக்குவதேயாம். அயலார் கொடுத்த துணியைக் கூலிக்குத் தைக்கும் சகோதரிகள், மிஞ்சிய துண்டுகளை மடித்து உடையோடு கூடவே திருப்பிக் கொடுத்துவிடல் வேண்டும். அவர்கள் வேண்டாமென்று சொன்ன பின்னரே அது நம்முடையதாகும். இச்சிறு நேர்மையே நூறு விளம்பரத்திற்குச் சமமாய் நின்று வேலையைப் பெருக்கும்.

இங்கே ஓர் ஆக்ஷேபம் எழலாம். கடையிலே கால்மிதி மலிவாகக் கிடைக்கையில், பெண்கள் கண்ணும் இடுப்பும் நோக இதைச் செய்ய வேண்டுமா என்பர். கேள்வி நியாயமானதே. பெண்களின் நேரத்திற்கு விலையில்லை என்னும் எண்ணம் நம் வீடுகளில் வேரூன்றியிருக்கிறது. ஆகையால் அவர்கள் உழைப்பைச் செலவாகக் கணக்கிடாமலே சிக்கனம் என்று பெயரிட்டு விடுகிறோம். இவ்வேலை பெண்கள்மேல் சுமத்தப்படும் மற்றொரு பாரமாகுமானால் யாம் அதனை வேண்டோம். துணி பிரிப்பதிலும், வெட்டுவதிலும், துவைப்பதிலும் ஆண்பிள்ளைகளும் கைகொடுக்கட்டும். தேர்த் தொம்பை தைப்பவர் ஆடவராயிருக்க, ஊசி பிடிப்பதால் ஆண்மை எவ்வாறு குறையும்? செய்த பொருள் விலையானால் அப்பணம் செய்தவர் பெயரிலேயே சேமிப்புக் கணக்கிற் சேரட்டும். குடும்பத்தலைவர் சட்டைப்பைக்குள் மறைய வேண்டாம்.

விதவைகளுக்கும் கைவிடப்பட்டோருக்கும் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தின்படி தமிழ்நாட்டரசு இலவசமாகத் தையல் இயந்திரம் வழங்குகிறது. பள்ளிப் பிள்ளைகளின் இலவசச் சீருடைகளை மகளிர் தையற் கூட்டுறவுச் சங்கங்களின் உறுப்பினர் தைக்கின்றனர். ஆதலின் இயந்திரமும் உண்டு, கையும் உண்டு, துணியும் உண்டு. அவற்றை ஒன்று சேர்க்கும் ஓர் ஏற்பாடே இல்லை.

அதனை நம் சங்கம் ஏற்க வேண்டுமென்பதே எமது விண்ணப்பம். 1929-இல் ராஜா சர் அண்ணாமலை செட்டியாரின் முயற்சியால் பல்கலைக்கழகம் தோன்றிய இந்நகரிலே ஏட்டுக்கல்விக்குக் குறைவில்லை. கைக்கல்வியும் அதனருகே நின்றால் இரண்டும் ஒளி பெறும். மாதக் கூட்டத்திற்கு வரும் ஒவ்வொரு குடும்பமும் துவைத்துப் பிரித்த துண்டுத்துணியை ஒரு பையிற் கொண்டு வரட்டும். தையல் அறிந்த தாய்மார் இருவர் அதற்குப் பொறுப்பேற்கட்டும். வருமானம் இல்லாத சகோதரிகள் நால்வர் அல்லது ஐவர் வாரம் இருமுறை கூடித் தைக்கட்டும். நூல், எண்ணெய், ஊசிச் செலவைச் சங்கம் ஏற்கட்டும்; விற்ற தொகை தைத்தவர்க்கே செல்லட்டும்; வரவு செலவு இம்மாதாந்தப் பத்திரிகையில் வெளியாகட்டும். ஆறு மாதம் நடத்திப் பார்த்து, தைத்தவர்க்கு நியாயமான கூலி கிடைக்கவில்லையெனின் முறையை மாற்றுவோம். கூலியின்றி வேலை வாங்கும் நிலைக்கு மாத்திரம் செல்லோம்.

மற்றொன்று. அவ்வறையின் கதவு நம் வகுப்பாருக்கு மாத்திரம் திறப்பதாயிருத்தல் கூடாது. அண்டை வீட்டுப் பெண் எக்குலத்தவளாயினும், எம்மதத்தவளாயினும், ஊசியோடு வருவாளாயின் அவளுக்கும் ஓர் ஆசனம் இருக்க வேண்டும். ஒரே துணியில் வெட்டிய சதுரங்களை மட்டும் இணைத்தால் அது போர்வையாகலாம். அதில் கோலம் எழாது. பல நிறங்கள் அடுத்தடுத்து நின்று, ஒரே நூலாற் பிணைக்கப்படும்போதே அழகு பிறக்கிறது. வகுப்புச் சங்கங்கள் நிலைக்க வேண்டுமாயின் அவை ஊருக்குப் பயன்பட வேண்டும். தமக்குள்ளேயே சுற்றி வரும் சங்கம், வீடு வீடாக யாத்திரை செய்யும் அந்த இரவிக்கைத் துண்டைப் போன்றதே. எல்லார் கையிலும் இருக்கும், யார் உடம்புக்கும் ஆகாது.

தாய்மார்களே! இன்று வீடு திரும்பியதும் துணிப்பெட்டியைத் திறந்து பாருங்கள். எத்தனை துண்டுகள் உள்ளன, எவை பருத்தி, எவை பிற என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதக் கூட்டத்திற்கு அக்கணக்கும் துணியும் ஒருங்கே வரட்டும். யாமும் எம் வீட்டுப் பையுடன் வருகிறோம்.